நீல டப்பா

தராசுத் தட்டு ஆடி நிற்பதற்குள் கலர் மாஸ்டர் பாய்ந்து வந்து மச்சானின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

பிடித்த வேகத்தில் கரண்டியிலிருந்த நீலப் பொடி மேஜையெல்லாம் சிதறியது. இன்னொரு கையால் மேஜைக்கு அடியில் துழாவினார். கந்தல் துணிக்குப் பின்னால் ஒளிந்திருந்த தகர டப்பாவை வெளியே இழுத்துத் தரையில் வைத்து, மூடியைக் காலால் தட்டினார். உள்ளே முக்கால் டப்பாவுக்கு நீலம்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

மச்சான் சிதறிக் கிடந்த பொடியையே பார்த்தான்.

சாயப்பட்டறையில் அவனுக்குப் பெயர் தராசு. மாஸ்டருடைய மனைவியின் தம்பி. மாஸ்டர் வாயால் அளவு சொல்வார். அவன் நிறுத்து, கரைத்து, தொட்டியில் ஊற்றுவான். பதினோரு வருடமாக அதே முறைதான். ஒவ்வொரு மில் துணியும் ஒவ்வொரு மாதிரி சாயம் குடிக்கும், ஒவ்வொரு டிரம் பொடிக்கும் ஒவ்வொரு வீரியம். அதனால் நனைந்த துணியைப் பார்த்த நொடியில் 'நீலம் எண்ணூறு, கறுப்பு ஆயிரத்து இருநூறு' என்று சொல்வதுதான் தொழில் என்பார் மாஸ்டர். எழுதி வைப்பது கிடையாது. ஒரு தடவை பார்த்த ஷேடு அட்டையை, அதாவது வாங்குகிறவர் கேட்ட நிறத்தின் மாதிரியை, மறுபடி எடுத்துப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அட்டை என் தலைக்குள்ளே இருக்கிறது என்பார்.

நிற விஷயத்தில் தராசு ஒரு பூஜ்யம். தன் கல்யாணத்துக்குப் பச்சைச் சட்டை என்று நினைத்துப் பழுப்புச் சட்டை எடுத்து வந்தவன். அதனாலேயே மாஸ்டர் அவனை எடை மேஜையில் உட்கார வைத்தார். போட்டிக்கு வரமாட்டான், சொன்னதைச் செய்வான். அந்த நிம்மதி ஆறு மாதமாகக் கெட்டுப் போயிருந்தது. தான் சொல்கிற அளவுக்குத் துணியில் நீலம் ஏறுவதில்லை என்று அவருக்குச் சந்தேகம். 'இன்னும் ஊத்துடா, இன்னும்' என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இருக்கிற பொடிகளில் நீலம்தான் விலை ஒசத்தி. திருடுகிறவன் அதைத்தான் திருடுவான்.

"வாய்ல பூட்டா போட்டிருக்கே? கேக்கறேன்ல?"

"மாமா, கையை விடுங்க. வலிக்குது."

"வலிக்கட்டும். முதலாளி வரட்டும், அப்புறம் இருக்கு உனக்கு."

கதவைத் தள்ளிக்கொண்டு மாஸ்டரின் மனைவி உள்ளே வந்தாள். அதே பட்டறையில் மடிப்புப் பிரிவில் வேலை. காய்ந்து வரும் துணியை ஜன்னலோரம் விரித்து, ஓரம் நறுக்கி, மடித்துக் கட்டுவாள். எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா. கையில் ஆஸ்பத்திரி ஃபைல். முதலில் தரையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, புருஷனிடம் சொன்னாள்:

"பதினோரு மணிக்கு முக்குல வண்டி வந்து நிக்கும். கையைக் கழுவிட்டு வாங்க."

மாஸ்டரின் வலது கண் பாப்பா பால் சொட்டு விட்டதுபோல வெளுத்திருந்தது. இடது கண்ணில் புரை அவ்வளவு முற்றவில்லை. அது டீத்தண்ணீர் நிறத்தில் மங்கியிருந்தது. வலது கண் புரை அளவுக்கு மீறி முற்றிவிட்டது, இனியும் விட்டால் உள்ளேயே கசிந்து அழுத்தம் ஏறும், அப்புறம் வெட்டியெடுத்தாலும் பார்வை திரும்பாது என்று டாக்டர் போன வாரம் சொல்லியிருந்தார். தேதி கொடுத்து இரண்டு தடவை தவறியாயிற்று. முதல் தடவை, கூட ஒரு ஆள் இல்லாமல் சேர்க்கமாட்டோம் என்றது ஆஸ்பத்திரி. அவளுக்கு லீவு தரமாட்டேன் என்றார் முதலாளி. இரண்டாம் தடவை, கிளம்புகிற அன்று காலையில் மாஸ்டர் வேண்டுமென்றே மூன்று டம்ளர் டீயைச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் குடித்தார். அங்கே போய் ரத்தம் எடுத்தால் சர்க்கரை ஏகத்துக்கும் எகிறியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது. இதுவும் தவறினால் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். அடுத்த முறை எட்டு மாதம் கழித்து. மூன்று நாளாக அவர் கண்ணில் சொட்டு மருந்து விடுவதே மடிப்பக்காவுக்கு மல்யுத்தமாக இருந்தது.

"இங்க திருடனைப் பிடிச்சு வச்சிருக்கேன். இவளுக்கு வண்டி முக்கியம்."

"திருடன் எங்கயும் ஓடமாட்டான். என் தம்பிதானே. வண்டிதான் ஓடிடும்."

"எனக்கு எதுக்குடி ஆபரேஷன்? ரெண்டு வருஷத்துல ஒரு லாட்டாவது கலர் சரியில்லைன்னு திரும்பி வந்திருக்கா? ஒண்ணு சொல்லு பார்ப்போம்."

அந்தக் கேள்வி வந்ததும் அவள் வாயை மூடிக்கொள்வாள். இரண்டு வருடமாக அப்படித்தான். வீட்டில் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அங்கே வந்துதான் முடியும். படியில் தடுக்கி விழுந்ததைச் சொன்னால் படி சரியில்லை என்பார். எதிரே வந்த சொந்த அண்ணனை யாரோ என்று நினைத்து வழி கேட்டதைச் சொன்னால், அந்த மூஞ்சியை ஞாபகம் வேறு வைத்துக்கொள்ளணுமா என்பார். அனுப்பிய சரக்கில் ஒரு லாட்டாவது திரும்பி வந்ததா என்பார். வரவில்லை. முடிந்தது கதை.

சத்தம் கேட்டு முதலாளி வந்து சேர்ந்தார். இன்னும் நாலு நாளில் பள்ளிக்கூடச் சீருடைக்கான சாம்பல் துணி பதினெட்டு லாட் போயாக வேண்டும். அந்தக் கவலையில் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தவர், டப்பாவைப் பார்த்ததும் இன்னும் சிவந்தார். மாஸ்டர் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். பாம்புக்குப் பால் வார்த்த கதையாகிவிட்டது, மச்சான் என்று பார்த்தது தப்பு, இவன் அளவு குறைத்துப் போட்டே என் பெயரைக் கெடுக்கப் பார்த்தான் என்றார். தராசு தலை குனிந்தபடி நின்றான். மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

மடிப்பக்கா ஃபைலை நீட்டி, வண்டி வருகிறது, இன்றைக்காவது விடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் ஃபைலைத் தொடக்கூட இல்லை.

"கண்ணு எங்கயும் போயிடாதும்மா. ஆர்டர் போயிடும். நாலு நாள் கழிச்சு வச்சுக்கோ."

"நாலு நாள் கழிச்சு ஆஸ்பத்திரி இவருக்காகக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்குமா? எட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள அந்தக் கண்ணு அவிஞ்சிடும்."

"அவிஞ்சா அவியட்டும்," என்று குறுக்கே விழுந்தார் மாஸ்டர். "இன்னொண்ணு இருக்குல்ல. அதை வச்சே இந்த ஊருக்குச் சாயம் போடுவேன்."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாசம் என்று எதுவும் இல்லை.

"சரி. இப்ப போடுங்க," என்றாள். "ஒரு சின்ன ட்ரையல். கால் கிலோ துணி. நீங்க அளவு சொல்லுங்க. இவன் உங்க கண்ணு முன்னாடி நிறுக்கட்டும். முதலாளி பக்கத்துல நின்னு பார்க்கட்டும், ஒரு பொட்டு குறையாம. சாம்பல் சரியா வந்துட்டா இந்த ஃபைலைக் கிழிச்சு அடுப்புல போட்டுடறேன். இனி ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கமாட்டேன். தம்பியை நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க."

"வரலைன்னா?"

"வாயைத் திறக்காம வண்டியில ஏறணும்."

"அக்கா," என்றான் தராசு. அன்றைக்கு அவன் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். முகம் வெளிறிப் போயிருந்தது. "வேணாங்க்கா."

"நீ நிறு. சொன்னதைச் சொன்னபடி நிறு."

மாஸ்டர் சிரித்தார். திருடனுக்குப் பயம் வந்துவிட்டது பார்த்தீர்களா என்று முதலாளியிடம் சொன்னார். துணி மடிக்கிறவளுக்கு ஷேடு பற்றி என்ன தெரியும், தன் ரவிக்கைக்கே நூல் பொருத்தம் பார்க்கத் தெரியாதவள் எனக்குப் பரீட்சை வைக்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மடிப்பக்கா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது.

சின்ன எடைத் தராசை மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். மாஸ்டர் துணியை நனைத்துப் பிழிந்து முகத்துக்கு மிக அருகே வைத்துப் பார்த்தார்.

"கறுப்பு மூணு. சிவப்பு அரை. நீலம் ரெண்டு."

முதலாளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலத்தை எடுக்கும்போது பழக்கத்தில் தராசின் கரண்டி தயங்கி நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் ஒரு தடவை தலையை ஆட்டினாள். அவன் இரண்டு கிராமையும் முழுதாகப் போட்டான்.

பொடி கரைந்தது. குண்டானில் துணி விழுந்தது. உப்பு, அப்புறம் சோடா. அடுப்பு நிதானமாக எரிய, மாஸ்டர் கம்பால் துணியைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பத்து மணிக்கு அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. பத்தேகாலுக்கு, நீலம் எப்படி ஏறுகிறது பார், ஆறு மாதமாக இதைத்தான் கேட்டேன் என்று தராசின் காது படச் சொன்னார். ரத்த உறவு என்று பார்க்காமல் போலீசில் ஒப்படைக்கப் போவதாகவும் சொன்னார். தராசு சுவரைப் பார்த்தபடி நின்றான்.

மடிப்பக்கா அடுப்புக்கு இரண்டடி தூரத்தில் ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றாள். குண்டானுக்குள் அவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. முதலாளிக்கு அது விசித்திரமாகப் பட்டது. தோற்கப் போகிறவள் இப்படி நிற்கமாட்டாளே என்று தோன்றியது.

பத்து நாற்பதுக்குத் துணியை எடுத்து, மூன்று தண்ணீரில் அலசி, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் காயவைத்தார்கள். மாஸ்டர் அதை இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்க முதலாளி. சாம்பல்னா இது சாம்பல்."

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்க?"

முதலாளி அலமாரியைத் திறந்து, இரண்டு வருடமாக மாஸ்டர் தொடாத ஷேடு அட்டையை எடுத்து வந்து துணிக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டையில் இருந்தது மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல். மாஸ்டர் கையில் இருந்தது பளீரென்ற நீலம். எட்டு வயதுப் பிள்ளைகூட இரண்டையும் ஒன்று என்று சொல்லாது.

"மாஸ்டர்," என்றார் முதலாளி. குரல் தணிந்திருந்தது, அது கத்தலைவிட மோசமாக இருந்தது. "இது நீலம்."

"விளையாடாதீங்க."

"விளையாடற நேரமா இது? இதை அனுப்பினா பதினெட்டு லாட்டும் என் தலையில வந்து விழும்."

மாஸ்டர் துணியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், விலக்கினார், இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அந்த இருமல் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. எல்லாரும் கூட்டுச் சேர்ந்து சதி செய்கிறார்கள், அட்டையை மாற்றிவிட்டார்கள், இவள் தம்பிக்காக என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுகிறாள் என்று எகிறினார். துணியைச் சுருட்டி மனைவியின் முகத்தில் எறிந்தார்.

அவள் அதைக் கீழே விழாமல் பிடித்தாள். மடித்தாள். வேலைப் பழக்கம், ஓரம் ஓரத்தோடு சேர்ந்தது. ஃபைலுக்குள் வைத்தாள்.

"வண்டி வந்துடுச்சு. ஏறுங்க."

முக்கில் ஹாரன் அடித்தது.

"போய்யா," என்றார் முதலாளி. "கண்ணோட வந்தா வா. இல்லாட்டி வராதே." பிறகு தராசின் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போ. டப்பா விஷயம் இன்னும் முடியலை. மாஸ்டர் திரும்பி வந்து உன்னைத் திருடன்னு சொன்னா, உனக்கு இங்க வேலை கிடையாது."

ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்கெனவே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கடைசி சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முக்கால் மணி நேரப் பயணத்தில் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். திரும்பி வந்ததும் முதல் வேலையாக உன் தம்பியை ஒழித்துக்கட்டுகிறேன் என்றார். அவள் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வலது கண்ணில் அறுவை முடிந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் வந்து கண்ணில் ஒட்டியிருந்த கட்டைப் பிரித்தாள். தண்ணீர் படக்கூடாது, தேய்க்கக்கூடாது, குனியக்கூடாது என்று ஒப்பித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். படுக்கை விரிப்பைப் பார்த்தார். தன் கை விரலைப் பார்த்தார். நகக் கண்ணில் ஒட்டியிருந்த நீலம் தெரிந்தது. விரிப்பு ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டார். அது அழுக்கு வெள்ளைதான், துவைத்து நாளாகிறது என்றாள் மனைவி.

அவள் ஃபைலைத் திறந்து நேற்றைய துணியை அவர் மடியில் போட்டாள்.

அவர் வெகு நேரம் அதையே பார்த்தார். பிறகு வலது கண்ணைக் கையால் மறைத்து இடது கண்ணால் பார்த்தார். சாம்பல். இடது கண்ணை மறைத்தார். நீலம், கண்ணைக் குத்துகிற நீலம். மறுபடி மாற்றினார். சாம்பல். நீலம். நாலைந்து தடவை அப்படியே மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர், என்னய்யா கண்ணாமூச்சி ஆடறே என்று கேட்டார். மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா நான் சொன்னது எல்லாம் இப்படித்தானா?"

"இப்படித்தான். ஆரம்பத்துல கொஞ்சம். போகப் போக ரொம்ப."

"அப்ப எப்படி ஒரு லாட்கூடத் திரும்பி வரலை?"

அவரே கணக்குப் போட்டார். டப்பா. குறைத்து நிறுத்த கை. கத்தக் கத்தத் துணியில் ஏறாத நீலம்.

"அவன் குறைச்சிருக்கான். திருடறதுக்கு இல்ல. சரி பண்றதுக்கு."

"உங்க கண்ணுக்காக நீங்க சொன்னதை முழுசா எடுப்பான், மிஞ்சினதைச் சனிக்கிழமை சனிக்கிழமை டிரம்ல திருப்பிக் கொட்டிடுவான். நேத்து வெள்ளிக்கிழமை. ஒரு நாள் பொறுத்திருந்தீங்கன்னா டப்பா காலியா இருந்திருக்கும்."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். ஏதோ இடித்தது. நெற்றியைச் சுருக்கினார், தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் கோணியது.

"இல்ல. அந்தப் பயலுக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. எவ்வளவு குறைக்கணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு கிராம் கூடக் குறைய இருந்தாலே ஷேடு ஓடிடும். அதுக்கு ஒரு கண்ணு வேணும். எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். எவன் அது? என் இடத்துக்கு ஆசைப்படற எவனோ ஒருத்தன். சொல்லு, யாரு?"

மடிப்பக்கா ஃபைலின் பின்பக்கத்து உறையைப் பிரித்தாள். மருந்துச் சீட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு ஊக்கில் கோத்த துணித் துண்டுகளை எடுத்தாள். மடிக்கும்போது ஓரம் நறுக்கிய துண்டுகள். இரண்டு விரல் அகலம். நூறுக்கும் மேல் இருக்கும். அவர் கையில் கொடுத்தாள்.

அவர் புதுக் கண்ணால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதல் துண்டும் சாம்பல். கடைசித் துண்டும் சாம்பல். நடுவில் எங்கும் ஒரு நூல் பிசகவில்லை. அவருடைய நல்ல நாளில்கூட இத்தனை லாட்டை இப்படி ஒரே சீராகக் கொண்டுவந்ததில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவில் ஒரு எண் இருந்தது. முதலில் 95. பிறகு 92. 90. 84. 78. வலது கண் முழுதாக வெளுத்துப்போன மாதத்தில் 70. கடைசித் துண்டில் 65.

எண்களைக் கிறுக்கியிருந்த எழுத்து அவருக்குத் தெரிந்ததுதான். வீட்டில் பால் கணக்கெழுதுகிற அதே கை.

"நீங்க நீலம் நூறுன்னு சொன்னா அவன் எவ்வளவு போடணுங்கறது அது," என்றாள். "ஜன்னல் வெளிச்சத்துல அட்டையோட வச்சுப் பார்த்து, வாரா வாரம் நான்தான் சொல்லிவிட்டேன். வேலை போயிடுமேன்னு பயந்து பண்ணினேன். கெட்ட புத்தி. முதல் வருஷமே ஒரு லாட்டைக் கெட விட்டிருந்தா, இந்தக் கண்ணு இவ்வளவு முத்தறதுக்கு முன்னாடியே நீங்க இந்தக் கட்டில்ல படுத்திருப்பீங்க."